மாசமாக இருக்கும்போது வார்டு வேலை: வடசென்னை மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"லைட் டியூட்டி கொடுங்க சிஸ்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் ஓ.பி.க்கு மாற்றிவிடுவார்கள். ஓ.பி. என்றால் காலையிலிருந்து மதியம் வரை நின்றபடி கூட்டத்தைச் சமாளிப்பது, இருமுகிறவர்களுக்கு நடுவே சீட்டு எழுதுவது, பாத்ரூம் போக நேரமில்லாமல் இருப்பது. பல வார்டுகளைவிட அது மோசம். இடத்தை மாற்றச் சொல்வதைவிட வேலையை மாற்றச் சொல்வதுதான் பலன் தரும். "இந்த ஐந்து வேலையை நான் செய்ய முடியாது, பதிலுக்கு இந்த ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்" என்று பட்டியலோடு போனால் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் டியூட்டி போடுவது எளிது, கூட வேலை செய்கிறவர்களுக்கும் மனக்கசப்பு வராது. அந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது, எந்த வாரத்தில் எதை நிறுத்துவது, சட்டப்படி எதைக் கேட்கலாம் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களுக்கும், திருவொற்றியூர், கொடுங்கையூர் நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்டாஃப் நர்ஸ் மட்டுமல்ல, ஆயாம்மா, ஹவுஸ்கீப்பிங், லேப், எக்ஸ்ரே ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

படி 1: யாரிடம், எப்போது சொல்வது

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் வாக்கு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் இன்சார்ஜ் சிஸ்டரிடம், தனியார் என்றால் நர்சிங் சூப்பரின்டெண்டிடம், யூரின் டெஸ்ட்டில் இரண்டு கோடு தெரிந்த வாரமே சொல்லிவிடுங்கள். குழந்தையின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாவது முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களில்தான். மருந்தாலும் கிருமியாலும் கதிர்வீச்சாலும் வரக்கூடிய பெரிய பாதிப்பும் அந்தக் காலத்தில்தான். வயிறு தெரிந்த பிறகு சொன்னால் பாதுகாக்க வேண்டிய காலம் போய்விட்டிருக்கும்.

சொன்ன அன்றே கைவிட வேண்டியவை:

- புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலப்பது, ஏற்றுவது, சிந்தியதைத் துடைப்பது. கீமோ ஏறிய நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தியில் 48 மணி நேரம் வரை மருந்து இருக்கும். பெட்பேன் எடுக்கும் ஆயாம்மாவுக்கும் இது பொருந்தும், அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் சங்கடம்.
- மீசோப்ராஸ்டால், மெத்தோட்ரெக்ஸேட், வால்ப்ரோயேட் மாத்திரைகளைக் கையால் உடைப்பது, பொடிப்பது. லேபர் வார்டில் மீசோப்ராஸ்டாலைக் கால் துண்டாக உடைக்கும் பழக்கம் இருக்கிறது, அதை வேறொருவர் செய்யட்டும்.
- சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே படம் காட்டும் எக்ஸ்ரே மெஷின்) ஓடும் தியேட்டர், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்.
- கருவிகளைக் கிருமி நீக்கும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் எத்திலீன் ஆக்சைடு ஸ்டெரிலைசர், எண்டோஸ்கோபி அறையில் குளூட்டரால்டிஹைடு தொட்டி.
- அம்மை போட்ட நோயாளி. உங்களுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் வேரிசெல்லா ஐ.ஜி.ஜி., ருபெல்லா ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: பதிவும் பரிசோதனையும்

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குங்கள். தனியாரில் பார்த்தாலும் அந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும், தகுதி இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறோம், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று செக்கப்பைத் தள்ளிப்போடுவது நர்ஸ்களிடம் அதிகம். டியூட்டி லிஸ்ட் போடும்போதே செக்கப் நாளுக்கு 'ஆஃப்' கேட்டு எழுதிவிடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம். பத்து மணி டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஏராளம்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. நம் சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த முறை இது, வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை. ஆனால் நைட் முடித்துவிட்டு நேராகப் போய்க் குடிக்காதீர்கள், வாந்தி வந்தால் திரும்ப முதலிலிருந்து.

தடுப்பூசியில் டி.டி. இரண்டு தவணை, ஃப்ளூ ஊசி, 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் என்று மருத்துவர் சொல்வார். ஹெபடைட்டிஸ் பி தவணை பாக்கி இருந்தால் கர்ப்பத்திலும் போடலாம். எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகள் உயிருள்ள கிருமி ஊசிகள், அவை பிரசவத்துக்குப் பிறகுதான்.

படி 3: தூக்குவது, நகர்த்துவது

அதிக நேரம் பேச வேண்டிய விஷயம் இதுதான். கர்ப்பத்தில் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு பெருகப் பெருக உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது. அதைவிட முக்கியம், வயிறு இடையில் வருவதால் தூக்கும் பொருளை உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடியாது. அதே பத்துக் கிலோ, ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் இடுப்புக்குப் பல மடங்கு பாரம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் வழிகாட்டு அளவுகள் நமக்கும் உதவும். எப்போதாவது தூக்குவதானால், உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில், 20 வாரத்துக்கு முன் சுமார் 16 கிலோ, 20 வாரத்துக்குப் பின் சுமார் 12 கிலோ. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தூக்கும் வேலை என்றால் இதில் பாதிதான்: 8 கிலோ, பிறகு 6 கிலோ. தரையிலிருந்து குனிந்து தூக்குவதை 20 வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இதை வார்டுச் சாமான்களோடு பொருத்திப் பாருங்கள். அரை லிட்டர் ஐ.வி. பாட்டில் 24 உள்ள அட்டைப்பெட்டி 12 கிலோவுக்கு மேல். பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டர் 15 கிலோவைத் தொடும். தண்ணீர் கேன் 20 கிலோ. நிரப்பிய மாப் பக்கெட் 15 கிலோ. அறுபது கிலோ ஆளின் ஒரு கால் மட்டும் சுமார் பத்துக் கிலோ. மாவுக்கட்டு மாற்றவும் கதீட்டர் போடவும் ஒரு காலைத் தூக்கிப் பிடிப்பதை யாரும் பாரம் தூக்குவதாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் கணக்கு அங்கேதான் தப்புகிறது.

டிராலியிலிருந்து கட்டிலுக்கு நோயாளியை மாற்றும்போது:

1. டிராலி, கட்டில் இரண்டின் சக்கரப் பூட்டையும் காலால் அழுத்திப் பாருங்கள். பூட்டு வேலை செய்யாத டிராலி பல இடங்களில் உண்டு. அப்படி இருந்தால் ஒரு அட்டெண்டர் இடுப்பால் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும், நீங்கள் அல்ல.
2. நோயாளி இருக்கும் பக்கம் ஒரு விரல் கட்டை உயரமாக இருக்கட்டும். இறக்கத்தில் வழுக்கும், ஏற்றத்தில் தூக்க வேண்டிவரும்.
3. டிரா ஷீட்டுக்கு அடியில் வழவழப்பான பாலித்தீன் விரிப்பை இரண்டாக மடித்துச் செருகுங்கள். தனியாக ஸ்லைட் ஷீட் வாங்கித் தராத இடத்தில் இதுதான் கைகொடுக்கும். தூக்காமல் இழுத்தாலே ஆள் நகர்ந்துவிடுவார்.
4. வாங்கும் பக்கம் இரண்டு பேர், கொடுக்கும் பக்கம் ஒருவர். நீங்கள் தலைமாட்டில் நின்று ஐ.வி. லைன், கதீட்டர் பை, டிரெய்ன் எதுவும் மாட்டவில்லையா என்று பார்த்து "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லுங்கள். தலையைத் தாங்குவது நான்கைந்து கிலோதான், ஏழாம் மாதம் வரை சமாளிக்கலாம். அதற்குப் பிறகு எண்ணிச் சொல்வது மட்டும்.
5. நோயாளி தடுமாறி விழப் போனால் பிடிக்காதீர்கள். கை அனிச்சையாகப் போகும், அதனால் இதை முன்கூட்டியே மனதில் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலியையோ தலையணையையோ தள்ளிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நோயாளியைத் திருப்பிப் போடும்போதும் பெட்சோர் டிரெஸ்ஸிங் செய்யும்போதும் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். கைப்பிடி உடைந்த பழைய கட்டில் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். சி.பி.ஆர். நேரத்தில் மார்பை அழுத்தும் வேலை உங்களுக்கு வேண்டாம். மருந்து ஏற்றுவது, நேரம் குறிப்பது, மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைப் பிடிப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை டியூட்டி தொடக்கத்திலேயே கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஹவுஸ்கீப்பிங் வேலையில்: பக்கெட்டைப் பாதி நிரப்பி இரண்டு நடை போங்கள். மருத்துவக் கழிவுப் பையை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப விடாதீர்கள், தோளில் போடாமல் டிராலியில் தள்ளுங்கள். நனைந்த துணி மூட்டை இரண்டு மடங்கு கனக்கும், சின்ன மூட்டையாகக் கட்டச் சொல்லுங்கள். பிளீச்சிங் கரைசலையும் ஆசிட்டையும் ஒரே கழிப்பறையில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். யாருக்கும் ஆகாது, மாசமாக இருப்பவர்களுக்கு அறவே ஆகாது.

போதையில் வரும் ஆட்கள், தலையில் அடிபட்டு உளறுகிறவர்கள், பிட்ஸ் வந்து தெளிபவர்கள் பக்கத்தில் போனால் பக்கவாட்டில் நில்லுங்கள், கால் எட்டும் தூரத்தில் நிற்காதீர்கள், வாசல் உங்கள் பின்னால் இருக்கட்டும். கேஷுவாலிட்டியில் வயிற்றில் உதையோ முழங்கையோ பட்டால், வலி இல்லாவிட்டாலும், 20 வாரத்துக்கு மேல் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம் குழந்தையின் துடிப்பையும் கருப்பை இறுக்கத்தையும் கண்காணிக்க வேண்டும். நஞ்சுக்கொடி விலகுவது வெளியே தெரியாமல் தொடங்கும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படுமா என்று கேளுங்கள்.

படி 4: கதிர்வீச்சு

போர்ட்டபிள் எக்ஸ்ரே வார்டுக்கு வந்தால் பயந்து ஓட வேண்டாம், இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் போதும். தூரம் இரட்டித்தால் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள், கூட வந்தவர் ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். எக்ஸ்ரே, சி.டி. பிரிவில் வேலை செய்பவர்கள் கர்ப்பத்தை எழுத்து மூலம் தெரிவித்து, வயிற்றருகே அங்கிக்கு உள்ளே இன்னொரு டி.எல்.டி. பேட்ஜ் (பட்ட கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்) கேளுங்கள். தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரண்டும் எக்ஸ்ரே அல்ல, ஆனாலும் படம் எடுக்கும்போது எம்.ஆர்.ஐ. அறைக்குள் நிற்க வேண்டாம்.

படி 5: தொற்று

ஊசி குத்தினால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. கர்ப்பம் என்பதால் மருந்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கர்ப்பிணிக்கும் அது தரப்பட வேண்டியதே.

காசநோய் வார்டில் துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ போதாது, என்95 வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் போட்டும் பிரயோசனமில்லை. அதனால் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து கழற்றும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள், சளி எடுக்கும் வேலையைத் தவிருங்கள். சின்னம்மை வராத, ஊசியும் போடாத நீங்கள் அம்மை நோயாளி அருகே இருந்துவிட்டால் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கான இம்யூனோகுளோபுலினை 96 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, பத்து நாள் வரையும் போடலாம். குழந்தைகள் வார்டில் சி.எம்.வி. வைரஸ் எச்சிலிலும் சிறுநீரிலும் வரும், டயப்பர் மாற்றியபின் கை கழுவுவதே அதற்கு மருந்து.

மஞ்சள் காமாலையில் ஹெபடைட்டிஸ் ஈ வகை குடிதண்ணீர் வழியாக வருவது, கடைசி மூன்று மாதத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து. குழாயில் சாக்கடை வாடை வரும் தெருக்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட ஆசை வந்தால், பச்சைக் கோஸும் வெங்காயமும் கையால் பிசைவதை விட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றும் மொய்ங்கா சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: நிற்பது, குடிப்பது, சாப்பிடுவது

நின்றே இருந்தால் காலில் ரத்தம் தேங்கி, தலை சுற்றி, மாலையில் செருப்பு நுழையாது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டுங்கள். கேஸ் ஷீட் எழுதுவது, இன்டென்ட் போடுவது, டிஸ்சார்ஜ் வேலை எல்லாவற்றையும் உட்கார்ந்து செய்யும் வேலையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸை காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன் போட வேண்டும், வீங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. ஷூ அரை சைஸ் பெரிதாக, பின்பட்டி உள்ளதாக, வழுக்காத அடியோடு இருக்கட்டும்.

இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் தேவை, கத்திரி வெயிலில் பி.பி.இ. போடுகிறவர்களுக்கு இன்னும் கூட. பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரைக் குறைப்பது வார்டில் எல்லோரும் செய்வது. அதனால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்றால் கருப்பை இறுகி மாதத்துக்கு முன் வலி வரலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், போய்விட்டு வாருங்கள்.

மசக்கையில் ஃபினாயில் வாடையும் சளி வாடையும் தாங்காது. வெறும் வயிறாக இருந்தால் குமட்டல் கூடும். கோட் பையில் பொரிகடலை, கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு வாய். வாந்தி நிற்காமல் சிறுநீர் அடர் நிறமானால் டிரிப்ஸ் தேவை. மீனுக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. நெத்திலி, மத்தி, சங்கரா மாதிரி சின்ன மீன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நல்லது. பெரிய வஞ்சிரமும் சுறாவும் பாதரசம் சேர்க்கும், மாமியார் ஆசையாகச் செய்தாலும் பிரசவத்துக்கு முன் தவிருங்கள்.

படி 7: நைட் டியூட்டியும் போக்குவரத்தும்

டென்மார்க்கில் 2019-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் நைட் பார்த்தவர்களுக்கு அடுத்த வாரத்தில் கருச்சிதைவு வாய்ப்பு கூடியிருந்தது. நைட்டை முழுக்க விட முடியவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்று என்று கேளுங்கள், தொடர்ந்து ஆறு நைட் என்ற முறை வேண்டவே வேண்டாம். 28 வாரத்துக்குப் பின் நைட்டே இல்லாமல் கேளுங்கள். போகும் முன் ஒன்றரை மணி நேரம் தூக்கம், நள்ளிரவில் இட்லி மாதிரி லேசான சாப்பாடு, மூன்று மணிக்கு இருபது நிமிடம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது.

நைட் முடித்த கண்ணோடு எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி ரோட்டிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது, குலுங்காது. மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் கூட்டம் இருந்தாலும் கர்ப்பிணி என்று கேட்டால் இடம் கொடுப்பார்கள். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டும் வேகத்தடையும் கடைசி மாதங்களுக்கு ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் சுற்றித்தான் போக வேண்டும். நிறைமாதம் மழைக்காலத்தில் விழுமானால் சுரங்கப்பாதை இல்லாத வழியை இப்போதே குறித்து வையுங்கள். 108-க்குச் சொல்லும்போது தெருவோடு பக்கத்துக் கோயில், பள்ளி பெயரும் சொல்லுங்கள்.

படி 8: கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டிய நேரங்கள்

ரத்தப்போக்கு, தண்ணீர் கசிவது, 37 வாரத்துக்கு முன் சீராக வரும் வயிற்று இறுக்கம், பி.பி. 140/90-ஐத் தொட்டது, தலைவலியோடு கண் மங்கல், மேல்வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுவது, உள்ளங்கையும் பாதமும் அரிப்பது, காய்ச்சல். பி.பி. மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, டியூட்டிக்கு வந்ததும் ஒருமுறை உங்களுக்கும் கட்டிப் பாருங்கள்.

குழந்தையின் அசைவு தனிக் கவனம் கேட்பது. ஓடிக்கொண்டே இருந்தால் தெரியாது. 28 வாரத்திலிருந்து தினமும் சாப்பிட்டபின் இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் ஹேண்டோவர் கொடுத்துவிட்டு மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். மாலை ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 9: கடிதமும் சட்டமும்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் 2017 திருத்தமும்தான் 2025 நவம்பர் வரை அடிப்படையாக இருந்தன, அவற்றின் இடத்தில் இப்போது நடைமுறையில் இருக்கும் 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இருக்கின்றன. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரச் சம்பள விடுப்பு, அதில் 8 வாரம் வரை முன்னதாக எடுக்கலாம். கருச்சிதைவுக்கு 6 வாரம். கர்ப்பத்தால் வரும் நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதம். தமிழக அரசின் நிரந்தரப் பணியாளர்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஒப்பந்த ஆளுக்குக் கிடையாது என்று சொன்னால், தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். காண்டிராக்டர் உண்மையிலேயே கட்டுகிறாரா என்று இப்போதே ஆன்லைனில் பாருங்கள், ஏழாம் மாதத்தில் பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

கடின வேலையும் நீண்ட நேரம் நிற்கும் வேலையும் கொடுக்கக்கூடாது என்ற பிரிவு, பிரசவ நாளுக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதாவது சுமார் 30-ஆவது வாரம். அதுவும் நீங்கள் கேட்டால்தான். அதற்கு முந்தைய மாதங்களுக்கு மருத்துவர் சான்றிதழ்தான் ஆயுதம். "ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதாமல் வேலைகளைப் பெயர் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் இப்படி இருக்கலாம்:

"நான் தற்போது 14 வார கர்ப்பிணி. எதிர்பார்க்கும் பிரசவ நாள் இணைத்துள்ள சான்றிதழில் உள்ளது. நோயாளிகளைத் தூக்குதல், சிலிண்டர் மாற்றுதல், கீமோ மருந்து கையாளுதல், சி-ஆர்ம் பணி, தொடர் இரவுப் பணி ஆகியவற்றிலிருந்து விலக்கு கோருகிறேன். பதிலாக மருந்து வழங்கல், ஆவணப் பணி, டிஸ்சார்ஜ் ஆலோசனை, ஸ்டாக் பதிவேடு, புதிய பணியாளர் பயிற்சி ஆகியவற்றை ஏற்கத் தயாராக உள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால், கூடவே மின்னஞ்சல். இந்தப் பிரிவின் கீழ் வேலை மாற்றினார்கள் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்குவதும் சட்ட விரோதம். நடந்தால் தொழிலாளர் நலத்துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அந்த முத்திரைப் பிரதிதான் வேண்டும்.

திரும்பி வரும்போது குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கேட்கலாம். குழந்தை வீட்டில் இருந்தால் அந்த நேரத்தில் பாலைப் பீய்ச்சி, தேதியும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் வரை இருக்கும். வெளியே நான்கு மணி நேரம்தான், சென்னை வெயிலில் அதையும் நம்ப வேண்டாம், ஐஸ் பேக்கோடு எடுத்துப் போங்கள். மருந்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஸ்டாஃப் அறை ஃபிரிட்ஜைக் கேளுங்கள். சிசேரியன் ஆனவர்கள் தூக்கும் வேலைக்கு மருத்துவரிடம் தனியாகத் தகுதிச் சான்று வாங்கிய பிறகே டிராலி பக்கம் போக வேண்டும்.